சக்கரத்துக்கு அடியில் கொம்பு

அவருக்கு இடது கையில் முடி கிடையாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருக்கும். வலது கையிலோ கரடிக்கு வளர்ந்த மாதிரி மண்டிக் கிடக்கும். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் பக்கம் பக்கமாக வைத்து அவர் ஓட்டும்போது, யாரோ இரண்டு பேர் சேர்ந்து பஸ் ஓட்டுவது போலத் தோன்றும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தீக்காயம் என்று நினைத்துக்கொள்வார்கள். "பாவம்க்கா" என்பார்கள். ஸ்டிச்சிங் செக்‌ஷன் எஸ்தர் அக்கா உடனே திருத்துவாள்.

"பாவம் கீவம் ஒண்ணும் இல்ல. கத்தி தீட்டித் தீட்டி அந்தக் கையில செரச்சுப் பாக்குறாரு. முடி தீந்துபோச்சு. நீ மொதல்ல உன் பின்னல எடுத்து மடியில வச்சுக்க."

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் கட்டிங்கில் இருந்தேன். தோலை விரித்து, அச்சு வைத்து, குறையில்லாத இடமாகப் பார்த்து வெட்டுகிற வேலை. மாதனூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர், அவ்வளவுதான். டிரைவர் அண்ணே என்று கூப்பிடுவோம். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "ஏன்டா இம்மாஞ்சின்னதா போட்ட, பெருசா போடக் கூடாதா?" என்று கேட்கக்கூடிய ஆள்.

காலை எட்டரைக்குள் எங்களைக் கம்பெனி கேட்டுக்குள் இறக்கிவிட்டால், சாயங்காலம் ஐந்தரை வரை டிரைவர்களுக்கு வேலை இல்லை. மற்றவர்கள் சீட்டாடுவார்கள், கால் நீட்டித் தூங்குவார்கள். இவர் பஸ்ஸின் கடைசி சீட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்து கத்தி தீட்டுவார். சவரக்கத்தி. மடக்கி விரிக்கிற, அந்தக் காலத்துக் கத்தி.

அப்போது சலூன்களில் நோய் பயம் வந்திருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு என்று போர்டு எழுதி மாட்டிவிட்டு, வைத்திருந்த கத்திகளையெல்லாம் பழைய இரும்புக் கடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போய் அந்தக் கடைகளில் குந்தி உட்கார்ந்து ஆணி, போல்ட்டு, பூட்டுகளுக்கு நடுவிலிருந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வருவார். பார்த்தால் கருவாடு மாதிரி இருக்கும். துரு ஏறி, பிடி உடைந்து, சிலவற்றுக்குப் பிடியே இல்லாமல். அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துருவைச் சுரண்டி, எமரித் தாளில் நாள் கணக்கில் தேய்த்து, எண்ணெய்க் கல்லில் தீட்டி, எருமைக் கொம்பில் புதிதாகப் பிடி செய்து, பித்தளைக் கம்பியைத் துண்டாக்கி ஆணி அடித்து எடுத்தால், கருவாடு எழுந்து நீந்த ஆரம்பித்துவிடும்.

நீந்த ஆரம்பித்ததும் அவருக்குத் தலைகால் புரியாது.

அதுதான் அவர். சந்தோஷம் வந்தால் அதை உள்ளே வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. பக்கத்தில் யார் இருந்தாலும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டால்தான் அடங்குவார். ஒரு நாள் காலை ஹைவேயில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தினார். டயர் பஞ்சர் என்று நினைத்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு சீட்டுகளுக்கு நடுவில் நடந்து வந்தார்.

"பாருங்க, பாருங்க. நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது. துருவுக்கு அடியில மணி இருக்குது!"

கத்தியின் கழுத்தில் மிளகு அளவுக்கு ஒரு கோயில் மணி பொறித்திருந்தது. அதைச் செய்தவனின் அடையாளம். ஒவ்வொரு சீட்டாகக் காட்டிக்கொண்டு போனார்.

"யோவ், மணி எட்டு பத்துய்யா!" என்று எஸ்தர் அக்கா கத்தினாள்.

"அந்த மணி இல்லக்கா, இந்த மணிய பாரு!"

ஐம்பது பேரும் பார்த்து முடித்த பிறகுதான் பஸ் கிளம்பியது. பின்சீட்டுக்காரர்கள் இன்னொரு தடவை கேட்டார்கள் என்று வேறு திரும்பிப் போனார். அன்று கேட்டில் ஓடி நுழைந்தோம். ஓடும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

அவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியில் ஒரு தோல் வார் தொங்கும். இரண்டு விரல் அகலம், ஒரு கை நீளம். கல்லில் தீட்டிய கத்தியைக் கடைசியில் அந்த வாரில்தான் மேலும் கீழும் இழுப்பார். ஆம்பூரில் ஜட்கா வண்டி வைத்திருந்த ஒரு பாய், வண்டியை விற்றபோது குதிரையின் சேணத்திலிருந்து அறுத்துக் கொடுத்தது. விளக்கெண்ணெய் தடவித் தடவி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, அது கருங்கல் மாதிரி மினுக்கும். அந்த வாரால்தான் அவருக்கு ஒரு நாள் வேலை போகப் பார்த்தது. ஏனென்றால் எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு சட்டம்தான் சட்டம். ஒரு துண்டுத் தோல்கூட கேட்டைத் தாண்டக் கூடாது. வெட்டி எறிந்த கழிவாக இருந்தாலும் சரி. பிடிபட்டால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் சோற்று டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பேச வராது. நாலு பேர் பார்த்தால் காது சூடாகிவிடும். சலூனுக்குப் போவதென்றால் எனக்குக் காய்ச்சலே வரும். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, "இன்னா தம்பி, கல்யாணம் எப்போ?" என்பார்கள். எழுந்து ஓடவும் முடியாது. அதனால் மாதக்கணக்கில் போகாமல் இருந்து, தாடியை வீட்டில் கத்தரிக்கோலால் நானே வெட்டிக்கொள்வேன். ஆடு மேய்ந்த காடு மாதிரி இருக்கும்.

பஸ்ஸில் இன்ஜின் மூடிக்குப் பக்கத்திலிருக்கும் ஒற்றை சீட்டு எனக்கு. சூடு அடிக்கும் என்று வேறு யாரும் வர மாட்டார்கள். ஒரு வாரம் முழுக்க அவர் என் தாடியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை.

"தோஸ்து, தப்பா நெனச்சுக்காத. உன்னப் பாத்தா எனக்குக் கை அரிக்குது."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நான் செரைக்க மாட்டேன், பயப்படாத. எனக்குத் தீட்டத்தான் தெரியும். மூஞ்சில வச்சா சந்தோசத்துல கை ஆடுது." உண்மைதான். அத்தனை கத்தி வைத்திருந்த மனுஷன் சலூனுக்குப் போய் பிளேடில்தான் சவரம் செய்துகொள்வார். "நீ தோல் வெட்டுறவன். உனக்குக் கை நிக்கும். வீட்ல போயி, கதவ சாத்திக்கினு நீயே போட்டுப் பாரு. கத்தி உன்ன ஒண்ணும் கேக்காது."

மணி பொறித்த அந்தக் கத்தியை என் கையில் வைத்தார். கறுப்புக் கொம்புப் பிடி. நடுவில் ஒரு வெள்ளை ரேகை ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவும்போது கத்தியை எப்படிப் படுக்க வைப்போமோ அப்படிப் படுக்க வைத்து இழுத்தேன். சத்தமே இல்லை. கீழே பார்த்தால் சோப்பு நுரையில் முடி. கன்னத்தைத் தடவிப் பார்த்தபோது அது என் கன்னம் போலவே இல்லை. வீட்டுக்குள் தனியாக நின்று சிரித்தேன்.

திங்கட்கிழமை ஏறியதும், தப்பு செய்துவிட்டேன் என்று புரிந்தது. அவர் என் தாடையைப் பிடித்து பஸ்ஸுக்குத் திருப்பினார்.

"எல்லாரும் பாருங்க! ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்! ஒண்ணு காட்டுங்க!"

எஸ்தர் அக்கா எழுந்து வந்து புறங்கையால் என் கன்னத்தைத் தடவினாள். "ஐய, இன்னாடா இது, பச்சக் கொழந்த மாரி இருக்குது!" அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள் வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே கூத்துதான். புதுக் கத்தி முடிந்தால் என் முகத்துக்கு வரும். அவர் தீட்டுவார், நான் சிரைத்துக்கொள்வேன், பஸ் தீர்ப்பு சொல்லும். "போன வாரத்துக்கு இது கொஞ்சம் கம்மி டிரைவரே, தாடைக்குக் கீழ பொறபொறன்னு இருக்குது" என்று எஸ்தர் அக்கா சொல்லிவிட்டால், அவர் அன்று முழுக்கக் கல்லை விட்டு எழுந்திருக்க மாட்டார். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு திங்கட்கிழமைகூட நான் லீவு போட்டதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை நம்பக் கூடாது. கத்தியைக் கொடுப்பார், அதை விட மாட்டார். "ஒரு வாரம் குடு, பிடி கொஞ்சம் தடிப்பா இருக்குது, இழைச்சுத் தர்றேன்" என்பார். வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரிடமும் இதே பாட்டுதான். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவரிடம் கத்தியை மூன்றாவது தடவையாக இவர் திருப்பிக் கேட்டபோது, அந்த மனுஷன் பஸ் வரும் நேரத்தில் வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

அடுத்தது கொம்பு. எருமைக் கொம்பு வளைந்திருக்கும். பிடிக்குத் தட்டையான பட்டை வேண்டும். சூடுபடுத்தினால் கொம்பு இளகும், இளகும்போது அழுத்தி வைத்தால் தட்டையாகும். இதற்கு மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. அவர் பஸ்ஸை வைத்துச் செய்தார். ரேடியேட்டரிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைப் பழைய பால் கேனில் பிடித்து, கொம்புத் துண்டுகளை அதில் போட்டு, பம்ப் ஸ்டவ்வில் ஏற்றுவார். முடி கருகின மாதிரி ஒரு நாற்றம் வரும். இளகியதும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, தகட்டை முன்சக்கரத்துக்கு அடியில் தள்ளி, பஸ்ஸை மெதுவாக அதன்மேல் ஏற்றி நிறுத்துவார். காலையில் ஏற்றினால் சாயங்காலத்துக்குள் ஆறி, தோசைத் திருப்பி மாதிரி தட்டையாகக் கிடக்கும்.

ஒரு நாள் அவருக்குக் கொம்பு வந்து சேரவே நாலரை மணி ஆகிவிட்டது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்றால் கேட்கிற ஆளா? ஐந்தரைக்கு நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

"வண்டிய எடு அண்ணே!"

"எடுக்க முடியாது. கொம்பு ஆறல."

"இன்னா ஆறல?"

"இப்ப எடுத்தா வாழைப்பழத் தோல் மாரி சுருட்டிக்கும். ஒரு அரை மணி நேரம். என் கண்ணுங்களா, ஒரே ஒரு அரை மணி நேரம்."

மற்ற பஸ்களெல்லாம் தூசியைக் கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அந்த பஸ்காரர்கள் கையாட்டினார்கள். எஸ்தர் அக்கா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கீழே இறங்கினாள். போய் நாலு சாத்து சாத்தப் போகிறாள் என்று நினைத்தோம். தன் சோற்று டப்பா மூடியைக் கழற்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள். அவ்வளவுதான், பஸ் மொத்தமும் இறங்கிவிட்டது. மூடியால் விசிறுகிறவர்கள், முந்தானையால் விசிறுகிறவர்கள், பாட்டிலில் மிச்சமிருந்த குடிதண்ணீரைத் தகட்டில் ஊற்றுகிறவர்கள். "ஊதுங்கடி, ஊதுங்கடி!" என்று ஒருத்தி. "தள்ளு, எனக்குத் தெரியல" என்று இன்னொருத்தி. செக்யூரிட்டி ஓடி வந்து, யாராவது சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்களா என்று கேட்டார். "ஆமா சார், எருமை மாட்டிக்கிச்சு" என்றாள் எஸ்தர் அக்கா. செக்யூரிட்டி குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸைப் பின்னால் எடுத்துத் தகட்டைப் பிரித்தபோது, கொம்பு இலை மாதிரி தட்டையாக இருந்தது. ஐம்பது பேரும் கைதட்டினோம். வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. ஏன் லேட் என்று கேட்ட மாமியார்களுக்கு ஒவ்வொருத்தியும் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

இனி நாலு துண்டுத் தோலின் கதை.

குதிரை வார் பஸ்ஸில் தொங்கியது. வீட்டுக்கும் ஒன்று இருந்தால் தேவலை என்று அவருக்கு ஆசை. "உங்க கட்டிங்ல கீழ எறியறீங்களே, அதுல நீட்டா நாலு துண்டு கெடைக்குமா தோஸ்து?" என்றார். கேட்டவர் வேறு யாராக இருந்தாலும் முடியாது என்று தலையாட்டியிருப்பேன். மேஜைக்கு அடியில் கிடந்த கழிவிலிருந்து நாலு துண்டைப் பொறுக்கி, மடித்து, சட்டைக்குள் வயிற்றில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். டப்பாவைத் திறந்து காட்டும்போது தலையை நிமிர்த்தவே இல்லை. நான் எப்போதுமே அப்படித்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் உதட்டைப் பிதுக்கினார். "வேலைக்கு ஆவாது தோஸ்து. உங்க தோலு குரோம் உப்புல பதம் போட்ட தோலு. ரப்பர் மாரி இழுவுது, முனைய மழுக்கிடுது. ஒண்ணுல கத்திக்கு உறை தைச்சேன், அதுல இருக்குற உப்புக்கு மூணே வாரத்துல துரு புடிக்குதா இல்லையா பாரு. ஷூவுக்குத்தான் லாயக்கு." துண்டுகள் எங்கே என்றேன். "வீட்டுக்காரி மிச்ச மூணையும் வச்சு அடுப்புலேர்ந்து சட்டி எறக்குது. அதுக்கு மட்டும் பிரமாதம்" என்றார்.

அந்த வருஷம் மாசி மாதத்தில், கட்டிங்கில் முழுத் தோல்கள் சில கணக்கில் குறைகின்றன என்று பேச்சு வந்தது. பெர்சனல் மேனேஜர் ஒருவர் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்தார். ஆள்களைப் பற்றித் தெரிந்தவர், தோலைப் பற்றித் தெரியாதவர். பஸ்களையும் சோதனை போடச் சொன்னார். சாயங்காலம் மணி அடித்து நாங்கள் பஸ்ஸில் ஏறியபோது, சீட்டுக்குப் பின்னால் கம்பி காலியாக இருந்தது. டிரைவர் சீட்டும் காலியாக இருந்தது.

"வாரையும் கத்தியையும் எடுத்துக்கினு, ஆளையும் ஆபீசுக்குக் கூட்டிக்கினு போய்ட்டாங்க" என்றார் பக்கத்து பஸ் டிரைவர். "தோல் திருடுனான்னு சொல்றாங்க. இன்னிக்கே கணக்கு முடிச்சுடுவாங்க போல."

பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எஸ்தர் அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள்.

"நீ கட்டிங்தான? அது நம்ம தோல் இல்லன்னு உனக்குத் தெரியும் இல்ல? போய் சொல்லேன்டா."

"நானா?"

"பின்ன, என் மாமியாரா வந்து சொல்லுவா? எறங்குடா!"

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஆபீஸ் அறைக்குள் மேனேஜர் மேஜையில் வார் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. பக்கத்தில் ஒரு கத்தி. எங்கள் கட்டிங் சூப்பர்வைசர் சுவரோரம் நின்றிருந்தார். குறைந்த தோலெல்லாம் அவர் பொறுப்பு. யாராவது ஒரு திருடன் கிடைத்தால் அவருக்கு நிம்மதி.

"நம்ம கருப்புத் தோல் மாரிதான் சார் தெரியுது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குதிர வார் சார் அது! குதிரையோடது!" என்றார் டிரைவர்.

"குதிரையைக் கூப்பிட்டா கேக்க முடியும்?" என்றார் மேனேஜர். என்னைப் பார்த்தார். "நீ யாரு?"

எனக்குக் காது எரிந்தது. மேஜைமேல் கிடந்த வாரை மட்டுமே பார்த்தபடி சொன்னேன்.

"வெட்டிப் பாத்தா தெரியும் சார். நம்ம தோலுன்னா நடுவுல நீலமா, சாம்பலாட்டம் கோடு ஓடும். இது ஆவாரம்பட்டையில ஊறவச்சு பதம் போட்டது. மேல கருத்திருந்தாலும் உள்ள முழுக்கக் காவியாத்தான் இருக்கும்."

என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்ப வெட்டு" என்றார் மேனேஜர்.

"வெட்டாதீங்க!" டிரைவர் இரண்டு கையாலும் வாரைப் பொத்திக்கொண்டார். "பத்து வருசம் எண்ணெ போட்டு வளத்திருக்கேன் சார்! வேலை போனா போவுது, வார வெட்டாதீங்க!"

"ஓரத்துல துளியூண்டு அண்ணே. நகம் வெட்டுற மாரி" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மேஜைமேல் இருந்த கத்தியை விரித்து, வாரின் நுனியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். முடி மாதிரி ஒரு இழை சுருண்டு விழுந்தது. வெட்டிய இடம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெல்லம் மாதிரி காவி நிறம். சூப்பர்வைசர் பையில் கம்பெனித் தோலின் மாதிரித் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். அதையும் வாங்கி வெட்டிப் பக்கத்தில் வைத்தேன். நடுவில் நீலக் கோடு.

மேனேஜர் இரண்டையும் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார் சூப்பர்வைசர். "பட்டைத் தோல்தான். நம்மளது இல்ல."

முடிந்தது. அத்தோடு கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஆனால் டிரைவர் அந்த இழையை விரல் நுனியில் எடுத்து விளக்கடியில் பிடித்தார். முகம் மலர ஆரம்பித்துவிட்டது.

"பாத்தீங்களா சார் எப்படி வெட்டுச்சுன்னு? நூலு மாரி! அதுக்குக் காரணம் இந்த வார்தான் சார். நம்ம கம்பெனித் தோலு இதுக்கு ஆவவே ஆவாது. நாலு துண்டு எடுத்துக்கினு போய் நானே போட்டுப் பாத்துட்டேன்!"

மேனேஜர் கையிலிருந்த துண்டை மேஜையில் வைத்தார்.

"நாலு துண்டா?" என்றார் மேனேஜர் மெதுவாக.

"சின்னத் துண்டு சார்" என்றார் டிரைவர். முகம் மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

"யார் குடுத்தது?"

எனக்குத் தெரிந்து ஐந்து வருஷமாக வாயை மூடாத மனுஷன் வாயை மூடினார். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"யாரும் குடுக்கல சார். கெடந்துச்சு."

"எங்க? கட்டிங் ஹாலுக்குள்ள டிரைவருக்கு இன்னாய்யா வேலை?"

"ஹாலுக்குள்ள போவல சார். காத்துல பறந்து வந்துச்சு."

"தோல் பறக்குமா?"

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம் சார்."

"இது மாசி மாசம்யா!"

சுவரோரம் சூப்பர்வைசர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். "நீ எழுது. நடந்தத நடந்தபடி எழுது. அவன் கையெழுத்துப் போடட்டும்."

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாக உட்கார வைக்க வேண்டும். மூன்று பேரும் காத்திருந்தார்கள். மூன்று வரி எழுதினேன். வார் குதிரையுடையது. நாலு துண்டை அண்ணனுக்கு எடுத்துக் கொடுத்தது நான். அது மேஜைக்கு அடியில் கிடந்த குப்பை.

என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த டிரைவர் காதருகே சீறினார். அவர் கிசுகிசுத்துப் பேசி அன்றுதான் கேட்டேன். "டேய், இன்னா எழுதி வச்சிருக்க? ரெண்டாவது வரிய அடி. அடிடா!"

நான் அடிக்கவில்லை. மேனேஜர் தாளை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இதுல யார் சொல்றது பொய்?"

"நான்தான் சார்" என்றார் டிரைவர். அதே மூச்சில் நானும், "நான்தான் சார்" என்றேன். பயத்தில் எதற்கு எது பதில் என்றே எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பாரா கத்துவாரா என்று அவருக்கே தெரியாத மாதிரி முகம் இருந்தது. கடைசியில் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "குறையறது முழுத் தோலு. குப்பையில நாலு துண்டு போனதால அது எப்படிக் குறையும்? அத நீங்க நாளைக்கு எனக்குச் சொல்லணும்." தாளை இரண்டாக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "இது என்கிட்ட இருக்கும். இன்னொரு துண்டு பறந்துச்சு, ரெண்டு பேரும் சேந்தே பறப்பீங்க. கிளம்புங்க. அங்க அம்பது பேர் உக்காந்திருக்காங்க."

கும்பிட்டோம். கதவு வரை வந்த டிரைவர் திரும்பினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"சார், அந்த நாலையும் திருப்பிக் கொண்டாந்துடட்டுமா? வீட்ல சட்டி எறக்குது."

"போய்யா வெளிய!"

பஸ்ஸில் ஏறியதும் ஐம்பது பேரும் எழுந்து நின்றார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று மேலே விழுந்தார்கள். ஒரு மிளகளவு மணிக்கே பஸ்ஸை நிறுத்திக் கதை சொல்கிற மனுஷன். ஆனால் இதைச் சொன்னால் என் பெயர் வரும், என் பெயர் ஊரெல்லாம் போனால் மேனேஜரின் பூட்டு தாங்காது, அந்தத் தாள் வெளியே வந்துவிடும். வாரைக் கம்பியில் மாட்டினார். "ஒண்ணும் இல்ல. வேலை இருக்குது. உக்காருங்க" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தார்.

கேட்டைத் தாண்டும்வரை நேராகப் பார்த்து ஓட்டினார். ஹைவே ஏறும்வரையிலும் அப்படித்தான். கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. கண்ணில் தண்ணீர் கோத்தது. மாதனூருக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது, "மாசி மாசம்யா" என்று வாய்க்குள் முனகினார். எனக்கு மட்டும்தான் கேட்டது. கேட்டதும் எனக்குள் எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பியது. அது என் சிரிப்பு என்று எனக்கே உடனே தெரியவில்லை. அவர் பஸ்ஸை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துவிட்டார். ஹாரன் அழுந்தி அலறியது. அவர் முதுகு குலுங்கியது. நான் இன்ஜின் மூடியின்மேல் விழுந்து சிரித்தேன்.

எஸ்தர் அக்கா முன்னால் வந்து எங்களைப் பார்த்தாள். "ரெண்டுக்கும் இன்னா, பைத்தியம் புடிச்சிருச்சா? யோவ், சொல்லிட்டுச் சிரிங்கய்யா!" என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே உதடு கோணியது. பின்னால் யாரோ ஒருத்தி பொத்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பஸ் முழுக்கச் சிரித்தது, எதற்கு என்று தெரியாமலே. லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எஸ்தர் அக்கா அதற்குப் பிறகு பல வருஷம், ஆபீசுக்குள் என்னதான்டா நடந்தது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரையும் கேட்டாள். அவர் பேச்சை மாற்றிப் புதுக் கத்தி ஒன்றை எடுத்துக் காட்டுவார். கடைசிவரை அவர் சொல்லவில்லை.